டான் பல்தசார் கைப்பற்றிய கரை

பிற்பகல் இரண்டு மணி ஆனதும் நாகப்பட்டினம் பழைய துறைமுக அடுக்ககத்தில் நூற்றுச் சொச்சம் பேர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு, செத்துப்போன யாராவது ஒருவராக ஆகிவிடுவார்கள். மூன்றாம் மாடி மளிகைக்காரர் ரோமாபுரியில் தேர் ஓட்டப் போவார். ஐந்தாம் மாடிப் பல் டாக்டர் ரஷ்யப் பனிக்காட்டு மடம் ஒன்றில் மணியடிக்கப் போவார். நான்கு மணிக்கு எல்லோரும் திரும்பி வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு பால் வாங்கக் கீழே இறங்குவார்கள். தேரோட்டிவிட்டு வந்தவர் கண்ணுக்கு மட்டும் அரைமணி நேரம் கடைக்கு வந்தவர்கள் யாரும் தெரியமாட்டார்கள். இருபத்திரண்டாம் நூற்றாண்டு பிறந்து இரண்டு வருடம் ஆகியும் மனிதனுக்குத் தான் தானாக மட்டும் இருப்பது போதவில்லை.

இதற்கு இரவல்துயில் என்று பெயர். வெற்றிலை அகலத்தில் ஒரு நெற்றிப்பட்டை. சுகசயனம் என்ற நிறுவனம் தருவது. ஒட்டிக்கொண்டு படுத்தால், தூக்கத்துக்குள் மெல்ல இறங்கி, வேண்டிய ஆளின் உடம்பு, உடுப்பு, மொழி, கர்வம் எல்லாவற்றையும் நமக்கு மாட்டிவிடும். இரண்டு மணி நேரம் கழித்துக் கழற்றிவிடும். கர்வம் கழலத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

ஒன்பதாம் மாடி வேதமூர்த்திக்குக் கர்வத்தை இரவல் வாங்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற தனித் தாசில்தார், நில எடுப்பு. மிதவைத் துறைமுகத்துக்காக எட்டு மீனவக் குப்பங்களை ஒரு சின்னக் கூச்சல்கூட இல்லாமல் எடுத்துக்கொடுத்தவர். அவருடைய முறை எளிது. காலை பத்து மணிக்குக் கடற்கரையில் ஜீப்பை நிறுத்துவார். ஒலிபெருக்கியில், "மேற்படி புலத்தில் கண்ட விஸ்தீரணத்தில் பாத்தியதை கோருவோர்" என்று தொடங்கி, நாலு பக்கம் மூச்சு விடாமல் வாசிப்பார். வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். சிலர் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். வாசித்து முடித்து மூன்று எண்ணுகிற நேரம் காத்திருந்து, "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார்.

ஆகவே சுகசயனத்தின் பட்டியலில் டான் பல்தசார் தெ ஒல்மெதா என்ற பெயரைப் பார்த்ததும், தூரத்துச் சொந்தக்காரரைக் கல்யாண மண்டபத்தில் அடையாளம் கண்டவர் மாதிரி அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஐந்நூற்றறுபது வருடங்களுக்கு முன் ஸ்பானிய மன்னருக்காகப் பசிபிக் கரையோரம் கப்பல் கப்பலாகப் போய் நிலம் கண்டுபிடித்து, கண்டுபிடித்த நிலத்துக்குக் கவர்னராகவும் ஆனவர். வேதமூர்த்தி ஒப்பந்தத்தைத் திறந்தார். இருநூற்றுப் பதினோரு பக்கம். விரலால் ஒரே இழுப்பில் அடிக்கு வந்து, "படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்" என்பதை அழுத்தினார். ஆயுள் முழுக்க அடுத்தவர்களுக்கு வாசித்துக் காட்டியவர் தானும் வாசிப்பதாவது!

அந்தப் பிற்பகல்கள் அபாரமாக இருந்தன. பாய்மரம் மெல்ல முனகும். மூடுபனிக்குள்ளிருந்து ஒரு கரை, யாரோ சொல்ல நினைத்து மறந்த வார்த்தை மாதிரி, வெளிப்படும். நீர் பச்சையா நீலமா என்று முடிவு செய்யாமல் அசைந்துகொண்டிருக்கும். டான் பல்தசார் மார்புக் கவசத்தோடு முழங்கால் நீரில் இறங்கி நடப்பார். பின்னால் பத்திர எழுத்தர் மைக்கூட்டை நனையாமல் தூக்கிக்கொண்டு வருவார். கவர்னர் வாளால் ஒரு கிளையை வெட்டுவார். ஒரு கை கடல்நீரை அள்ளிக் குடிப்பார். நாலு திக்கிலும் கல் எறிவார். பிறகு சுருளை விரித்து, இந்தக் கரையும் இதன் மீனும் மரமும் மனிதர்களும் இன்று முதல் மன்னருக்கே சொந்தம் என்று ஸ்பானிய மொழியில் வாசிப்பார். அங்கே இருப்பவர்களுக்கு ஸ்பானியம் தெரியாது. அது அவர்கள் குற்றம். "ஆட்சேபணை உண்டா?" என்று மூன்று முறை கேட்பார். அலை மட்டும் ஏதோ சொல்லும். எழுத்தர் எழுதிக்கொள்வார்.

"என்ன ஒரு ஆராய்ச்சி செஞ்சிருக்கானுங்க தெரியுமா பிலோமினா? பெரு நாட்டுக் கரையில நெத்திலிக் கருவாட்டு வாசம்கூட வருது!" என்றார் எதிர்வீட்டு பிலோமினாவிடம்.

பிலோமினா ஓய்வுபெற்ற செவிலி. இடது முழங்கால் தேய்ந்து, படகு சாய்கிற மாதிரி சாய்ந்து சாய்ந்து நடப்பவள். பிற்பகல்களில் ஏதோ ஒரு பிரெஞ்சு ராணிக்குத் தலை வாரும் தோழியாக இருந்தாள்.

"பெருவுலயும் மீனு காயத்தானே செய்யும் தாசில்தார் சார்? உங்களுக்கென்ன, ராசா மாதிரி போறீங்க. அங்க போயும் நான் இன்னொருத்தி தலையில பேனு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நீயும் கவர்னரா மாறிக்க. ஆளுக்கொரு கப்பல் குடுக்கிறான்."

"இந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"கவசம் போட்டா காலு தெரியாது."

ஒன்பதாம் நாள் கண்ட கரை எல்லாவற்றிலும் அழகு. ஈர மணல் கண்ணாடியாக மின்னியது. கவர்னர் சுருளை வாசித்து முடித்தபோது, கூட்டத்திலிருந்து ஒருத்தி மட்டும் கையில் எதையோ பிடித்தபடி முன்னால் வந்து, அவர் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டாள். புரியாத பாஷை. கவர்னர்கள் இதற்கெல்லாம் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் எழுத்தரிடம் இரண்டு விரலை அசைத்தார். "ஆட்சேபணை இல்லை," என்று எழுதப்பட்டது.

மறுநாளிலிருந்து கமலவேணி வரவில்லை.

கமலவேணி வேதமூர்த்தியின் மனைவி. இறந்து நான்கு வருடம். ஆனாலும் தினமும் விழிப்பதற்குச் சற்று முன், இரவலும் இல்லாத, பட்டையும் இல்லாத சொந்தக் கனவில் வந்துவிடுவாள். எப்போதும் அதே கடற்கரை. உயிரோடு இருந்தபோது செய்த மாதிரியே ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடப்பாள். பெரிய விஷயம் எதுவும் பேசமாட்டாள். "ஏங்க, பீரோ சாவி அரிசி டப்பாக்குள்ள கிடக்கு, ஊரெல்லாம் தேடுறீங்க" என்பாள். எழுந்து பார்த்தால் அங்கேதான் கிடக்கும். உலகத்தில் அவரைத் தாசில்தார் என்று நினைக்காத ஒரே ஆள் அவள்தான். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் அவர் தினமும் தூங்கினார். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

பதினெட்டு நாள் அவர் விழித்தபோது கண்ணுக்குள் வெறும் இருட்டு. பத்தொன்பதாம் நாள் காலை சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, கீழ்த்தளத்தில் இருந்த சுகசயனத்தின் குறைதீர் கூடத்துக்குப் போனார்.

அங்கே மனிதர்கள் கிடையாது. குறைதீர்ப்பி என்ற இயந்திரம்தான். ஒரு தூண்; அதில் இனிமையான ஒரு முகம்.

"ஒங்க பட்டை என் கனவ அடைச்சுக்கிட்டு நிக்குது. சரி பண்ணுங்க," என்றார்.

"பட்டையில் பழுது இல்லை ஐயா. தாங்கள் குறிப்பிடும் கனவில் உள்ள மேற்படி கடற்கரை சென்ற மாதமே நிறுவனத்தின் அனுபோகத்துக்கு வந்துவிட்டது."

'மேற்படி' என்ற சொல் இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது எப்படி இருக்கும் என்பதை வேதமூர்த்தி முதல்முறையாக அறிந்தார்.

"எந்தக் கடற்கரை? அது என் கனவுய்யா!"

"ஆம். இரவல்துயிலில் கப்பலும் கவர்னரும் எங்களுடையவை. கரைகளைத் தனியாகச் செய்வது வீண்வேலை. வாடிக்கையாளரின் தூக்கத்தில் ஏற்கெனவே கரைகள் இருக்கின்றன. அவற்றில்தான் கப்பல் ஒதுங்கும். முறைப்படி வெட்டி, குடித்து, எறிந்து, வாசித்து, ஆட்சேபணை வராத கரைகள் மன்னருக்குச் சேரும். ஒப்பந்தத்தில் மன்னர் என்பது நிறுவனத்தைக் குறிக்கும். தொண்ணூற்று நாலாம் பக்கம்."

"யார் வந்து கைப்பத்துனது? எவன்?"

"டான் பல்தசார்," என்றது முகம், மரியாதையாக.

வேதமூர்த்திக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. இயந்திரங்கள் உட்காருவதில்லை என்பதால் அங்கே நாற்காலி இல்லை.

"தங்கள் கரை மிகவும் விரும்பப்படுகிறது ஐயா. பதினான்கு வாடிக்கையாளர்கள் இப்போது அதில் இறங்குகிறார்கள். அந்த அம்மாளும் எல்லோருக்கும் தோன்றுகிறார். அதனால்தான் தங்களிடம் வர ஒழிவதில்லை."

"எந்த அம்மா?"

குறைதீர்ப்பி ஒன்பதாம் நாள் துயில்பதிவை ஓடவிட்டது. ஈர மணல். சுருளோடு நிற்கும் கவசம். கூட்டத்திலிருந்து வெளியே வருகிற பெண். அவள் கையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கவர்னரின் காதில் புரியாத பாஷையாக விழுந்தது, இப்போது அந்த வெறும் கூடத்தில் சுத்தமான நாகப்பட்டினத் தமிழாகக் கேட்டது.

"ஏங்க, அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்தீங்களா?"

கவர்னரின் இரண்டு விரல் அசைந்தது. பதிவு நின்றது.

வேதமூர்த்தி சத்தம் போட்டார், மேலிடத்தில் எழுதுவேன் என்றார், தான் யார் தெரியுமா என்றார். குறைதீர்ப்பி தெரியும் என்றது. எட்டுக் குப்பங்களின் பெயரையும் வரிசையாகச் சொன்னது. நிறுவனத்தின் கைப்பற்று முறையை வகுத்தபோது பழைய ஸ்பானியச் சுருள்களோடு நாகப்பட்டினம் நில எடுப்புக் கோப்புகளையும் கலந்தாலோசித்ததாகவும், பின்னவை இன்னும் நேர்த்தியாக இருந்ததாகவும் பாராட்டியது.

கடைசியில் அவர் குரல் தணிந்தது. "சரி. நான் அவளப் பாக்கணும். அதுக்கு என்ன வழி?"

"கவர்னராகத் தாங்கள் அங்கே மறுபடி இறங்க முடியாது. ஒரு கரையை ஒரு வாடிக்கையாளர் ஒரு முறைதான் கைப்பற்றலாம். கரைவாசியாகப் பதிந்துகொள்ளலாம். தனி ஒப்பந்தம். முந்நூற்று நாற்பது பக்கம்." முகம் சற்றுத் தயங்கியது. "சாவகாசமாகப் படிக்கலாம் ஐயா. அவசரம் இல்லை."

அவசரம் இல்லையாம். பதினெட்டு நாள் ஆகிறது! வேதமூர்த்தி விரலால் ஒரே இழுப்பு இழுத்தார்.

அன்று மதியம் அவர் தட்டைக்கூடக் கழுவவில்லை. தாழ்ப்பாளைப் போட்டார், படுத்தார். கப்பல் இல்லை, கவசம் இல்லை. காலடியில் சூடான மணல். சொந்தக் கால், பித்தவெடிப்போடு. சற்றுத் தள்ளி, அலை வந்து தொட்டுவிட்டுப் போகிற இடத்தில், கமலவேணி உட்கார்ந்து ஏதோ வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? ஒரு வழியா அந்தத் தகரத்தக் கழட்டிட்டு வரத் தெரிஞ்சுதே."

"அன்னிக்கு வந்தது நீன்னு எனக்குத் தெரியல கமலா."

"பதினாலு பேரு வர்றான். ஒருத்தனுக்கும் யாருன்னு தெரியல. நீங்க மட்டும் என்ன விசேஷம்?"

"கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. தலையில அண்டாவக் கவுத்துக்கிட்டா எங்கேருந்து காதுல விழும்?"

அவர் சிரித்தார். நான்கு வருடத்தில் முதல்முறையாகக் கனவுக்குள் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்து வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கடல் வெகுநேரம் அதே அலையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது.

பிறகு மூடுபனியிலிருந்து ஒரு பாய்மரம் வெளிப்பட்டது.

கவசம் அணிந்த ஒருவர் முழங்கால் நீரில் இறங்கினார். வாளை உருவியபடி, இடதுபக்கம் படகு சாய்கிற மாதிரி சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். வேதமூர்த்திக்கு அந்த நடை தெரியும்.

"பிலோமினா!" என்று எழுந்தார். "நான்தான், எதிர்வீடு! நிறுத்து!"

கவசம் கிளையை வெட்டியது. கடல்நீரைக் குடித்து முகம் சுளித்தது. நாலு கல் எறிந்தது. பிறகு சுருளை விரித்து, முழங்கும் குரலில் வாசிக்க ஆரம்பித்தது. வேதமூர்த்திக்கு இப்போது ஸ்பானியம் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் எந்த இடத்தில் என்ன வரும் என்று மனப்பாடம். மூன்றாவது முறை கேள்வி எழுப்பப்பட்டதும் அவர் ஓடிப்போய் நடுவில் நின்று, ஒலிபெருக்கி இல்லாமலே கத்தினார்.

"ஆட்சேபணை இருக்கு! எழுதிக்க! ஆட்சேபணை இருக்கு!"

கவசத்துக்குள்ளிருந்த முகம் அவரைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற எழுத்தரிடம், மிக நாசூக்காக, இரண்டு விரல் அசைந்தது. இறகுப் பேனா மைக்கூட்டில் தோய்ந்து எழுந்தது.

கப்பல் போய்விட்டது. நான்கு மணிக்கு பிலோமினா எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, ராசா மாதிரி இருந்தது என்று சொல்ல எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவாள். வேதமூர்த்தி தன் நான்கு மணிக்காகக் காத்து நின்றார். வெகுநேரம் நின்றார். வெயில் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவருடைய நிழலும் அசையவில்லை.

திரும்பி வந்தார். கமலவேணி வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஏங்க, இங்க வர்றதுக்கும் ஒரு தாள் குடுத்திருப்பாங்களே. அதையாவது படிச்சீங்களா?"

அவர் கடலைப் பார்த்தார்.

"கடைசிப் பக்கம் பாத்தேன்," என்றார்.

கமலவேணி செருப்பை எடுத்து மறுபக்கம் வைத்துவிட்டு, அவர் உட்காரக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.