குடலில் ஒரு துளை

செவ்வாய்க் குடியிருப்பில் காலையில் முதலில் பேசுவது கழிப்பறைதான். வயிற்றுச் சங்கதியை ஆராய்ந்து, "உடம்பு நலம்" என்று அது சொன்னால்தான் வாசல் கதவு திறக்கும். தொற்று இருந்தால் கதவு பூட்டிக்கொள்ளும், வேலைக்குப் போக முடியாது. நம்மாட்கள் சும்மா விடுவார்களா? காய்ச்சல் தலைகாட்டியதும் கிருமியை அடக்கும் நுண்கொல்லி மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டுதான் கழிப்பறைக்குள்ளேயே நுழைவார்கள்.

டைட்டஸின் மனைவி பேரின்பமும் மூன்று வாரமாக அப்படித்தான் ஓட்டினாள். இன்று வயிறு பலகையாக இறுகிச் சுருண்டு விழுந்துவிட்டாள். கதவு பூட்டிக்கொண்டது. சுவரிலிருந்து அறுவைக்கரம் என்ற இயந்திரம் இறங்கி அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது.

"டைபாய்டு. சிறுகுடல்ல துளை விழுந்து, கசிவு வயிறு முழுக்கப் பரவியிருக்கு. இப்பவே திறக்கணும்."

"தைச்சிருவ இல்ல?" என்றான் டைட்டஸ்.

"தைக்கிறது சுலபம். கிருமியை அடக்குறதுதான் கஷ்டம். இங்க இருக்கிற எல்லா மருந்தும் அதுக்குப் பழகிப்போச்சு. பாதியில நிறுத்தி நிறுத்தி நீங்கதான் பழக்கியிருக்கீங்க."

டைட்டஸ் வாசலுக்கு ஓடினான். கதவை இடித்தான், உதைத்தான். வெளியே போய்த்தான் என்ன செய்வது? பூமியிலிருந்து அடுத்த கப்பல் வர எட்டு மாதம் ஆகும். இவள் போய்விட்டால் இந்த நாலு சுவருக்குள் எப்படி இருப்பேன் என்று வாய்விட்டு அழுதான்.

கரம் அவளை மயக்கி, வயிற்றைத் திறந்து, கழுவி, துளையைத் தைத்தது. பிறகு, நூறு வருடமாக மனிதர் யாரும் தொடாத ஒரு பழைய மருந்தைத் தயாரித்து மாத்திரைகளாக்கியது. யாரும் தொடாததால் கிருமியும் அதை மறந்திருந்தது.

"ரெண்டு வாரம் சாப்பிடணும். ஒரு வேளைகூட விடக்கூடாது. இதுவும் பழகிப்போனா வேற மருந்தே இல்ல."

"சத்தியமா விடமாட்டோம்," என்று கும்பிட்டான் டைட்டஸ்.

சில நாளில் காய்ச்சல் விட்டது. பேரின்பம் கஞ்சி கேட்டுக் குடித்தாள். கழிப்பறையும் நலம் என்று ஒப்புக்கொள்ள, கதவு திறந்தது. வாசலில் அடுத்த வீட்டு எஸ்தர்ராணி நின்றிருந்தாள்.

"அண்ணே, சின்னவளுக்கு லேசாக் காய்ச்சல் அடிக்கு. அந்த மாத்திரையில ரெண்டு கிடைக்குமா?"

டைட்டஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்குத்தான் சரியாப் போச்சே, குடுங்க, பாவம்," என்றாள் பேரின்பம். "மிச்சத்த எடுத்து வைங்க. அவசரத்துக்கு ஆகும்."

அவன் இரண்டு மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுத்தான்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் குடும்மா," என்று அக்கறையாகச் சொன்னான். "காய்ச்சல் விட்டதும் நிறுத்திரு."