முந்தி வந்த படம்

பிரபுதாஸ் மூக்கைச் சொறிவதற்கு முன்பே, திரையிலிருந்த பிரபுதாஸ் சொறிந்துவிட்டார்.

அப்படி நடக்கக் கூடாது. தன் படத்தை டிஜிட்டலாக்கி, மாடி ஆன்டெனா வழியே அனுப்பி, அதையே மேஜை மேலிருக்கும் ரிசீவரில் பிடித்துப் பார்க்கிற ஹாம் ரேடியோக்காரருக்குத் தன் முகம் எப்போதும் இரண்டு மூச்சு பிந்தித்தான் தெரியும். வெள்ள நிவாரணம் மாதிரி. வரும், ஆனால் எல்லாம் வடிந்த பிறகு.

ஆர்.கே.பேட்டையில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தறிக்கார நண்பன் தணிகைவேல் வாக்கிடாக்கியில் கரகரத்தான்.

"படம் கண்ணாடியாட்டம் கீதுண்ணே. மூஞ்சிதான் கரண்ட் போன தறியாட்டம் கீது."

"சரக்கு அப்டிடா. ஆன்டெனா இன்னா பண்ணும்?"

மனைவி பிரேமகுமாரியைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. கேலி மட்டும் பழக்கதோஷத்தில் வந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தணிகை மலை விளக்குகள் மழையில் கரைந்து தெரிய, அறைக்குள் சூடேறிய டிரான்ஸ்மிட்டரின் வாசனையும் ஈரச் சுண்ணாம்பு வாசனையும் கலந்து கிடந்தன. மகள் ப்ளெஸ்ஸி சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

திரையில் அவர் வாசல் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகுதான் கதவு தட்டப்பட்டது.

"நைனா, நான்தான். தொற. நனைஞ்சிகினு நிக்கிறேன்."

ப்ளெஸ்ஸியின் குரல். எழப்போனார். போன் அடித்தது.

"நைனா, வண்டி அரக்கோணத்துலயே நின்னுகினு கீது. நீ சாப்ட்டு படு. எங்கிட்ட சாவி கீது."

உட்கார்ந்தார். திரையிலிருந்தவர் உட்காரவில்லை.

"எங்கண்ணே எழுந்து போற?" என்றான் தணிகைவேல்.

"நான் எழுந்துக்கலடா."

பழைய அனலாக் என்றால் புள்ளி, நிழல், ஏதாவது சாக்குச் சொல்லலாம். டிஜிட்டலில் அரைகுறை கிடையாது. வந்தால் முழுசு. இது முழுசாக வந்தது.

திரையில் கதவு திறந்தது. வெளியே இருட்டு. அவர் ஒதுங்கி வழிவிட்டார். மெல்லத் திரும்பினார். வாய் நிறையச் சிரித்தார்.

"அப்பாடா," என்றான் தணிகைவேல். "சிரிச்சிட்டண்ணே. யாரு வந்துகீது?"

டிரான்ஸ்மிட்டர் வயரைப் பிடுங்கினார். அதன் விளக்கு அணைந்தது. படம் போகவில்லை.

திறக்கக் கூடாது. எது உள்ளே வந்தாலும், நிஜ ப்ளெஸ்ஸி பிறகு இந்த வீட்டுக்குத்தான் வரப்போகிறாள்.

மறுபடி தட்டல்.

நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. பயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

கன்னம் இழுத்தது. அவரைக் கேட்காமலே, உதடுகள் விரியத் தொடங்கின.