கழுத்து வரைக்கும் அம்மா

காலை ஒன்பதரை ஆகியும் உருகுசிலை யாராக மாறுவது என்று முடிவெடுக்காமல் தளும்பிக்கொண்டிருந்தது. தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் இருபதடிக்கு எழும்பும் கொதிக்கிற உலோகம் அது. ஊருக்கு உழைக்கும் பெண் ஒருத்தியின் உருவத்தைத் தினமும் எடுக்கும். யார் என்பதை இல்லாமைமானி சொல்லும். வேலைக்கு வராத பெண்களில் யாரால் ஊரில் அதிகம் தடைப்படுகிறது என்று அளக்கும் கருவி. நல்ல நியாயம் போங்கள். நாள் தவறாமல் உழைத்தவளுக்கு ஒன்றுமில்லை, லீவு போட்டவளுக்குச் சிலை.

சிலையின் குளிர்குழாய்களைக் கவனிக்கும், இடது கால் சற்றே குட்டையான அமலோற்பவம் ஆறு வருடமாக லீவே எடுத்ததில்லை.

"வலை பின்னுத பெரியம்மாவுக்குக்கூட வந்துட்டு. உனக்கு ஏன் வரல?" என்று மகள் ஜெஸி நச்சரித்தாள். இன்று அவள் வகுப்பே சிலை பார்க்க வருகிறது. அதனால்தான் அமலோற்பவம் கருவியறைக் கதவில் கை வைக்காமல் கூட்டத்தில் நின்றாள். கை வைத்தால் வேலைக்கு வந்ததாகப் பதிவாகிவிடும். குழாய்கள் பத்தரை வரை தாங்கும் என்பது அவள் நினைப்பு.

உலோகம் சட்டென்று எழும்பியது. முதலில் பாதங்கள். இடது செருப்பின் அடி மட்டும் இரண்டு அங்குலம் தடிப்பு.

"எம்மா, உன் செருப்பு," என்றாள் ஜெஸி.

சேலை வந்தது, கையில் ஸ்பேனர் வந்தது, கழுத்தும் வந்தது. அமலோற்பவம் வேலைக்கு வராததால் ஊரில் தடைப்படப்போவது அந்தச் சிலையேதான்.

அப்போது முழங்கால் சொட்டத் தொடங்கியது. குழாய் சூடேறிவிட்டது. கொதிக்கிற உலோகம் சரிந்தால் தடுப்புக் கம்பியோரம் நிற்கும் ஜெஸியின் வகுப்புப் பிள்ளைகள் மேல்தான் விழும்.

"போவாதம்மா. முகம் மட்டும் வரட்டும்," ஜெஸி சேலையைப் பிடித்தாள்.

"விடுட்டி. அங்க பிள்ளைக நிக்குது."

ஓடினாள். கதவில் கையை வைத்தாள். வால்வைத் திருப்பினாள், உள்ளங்கை பொசுங்கியது. வெளியே கைதட்டல் கேட்டது. பாழாய்ப்போன ஆசை விடுமா? மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்து, அண்ணாந்து பார்க்கப் பயந்து, மகளிடம் கேட்டாள்.

"முகம் வந்துட்டா?"

"வந்துட்டு." ஜெஸி சிலையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செருப்பு ரெண்டும் ஒரே உயரமா ஆயிட்டும்மா."