குழந்தையில்லாமல் உள்ளே வரக்கூடாது

மதியம் பன்னிரண்டு மணிக்கு ஜீப்பிலிருந்து நகராட்சிப் பொறியாளர் இறங்கினார், கையில் ஒரு கோப்போடு. வாசல் கூண்டிலிருந்து எழுந்து நின்றேன்.

"குழந்தை எங்க சார்?"

பூங்காவின் சட்டம் அது. அறுபது வருடங்களுக்கு முன் ஒரு டாக்டரம்மா இந்த நிலத்தைக் குழந்தைகளுக்கென்று எழுதிவைத்தபோது போட்ட நிபந்தனை. குழந்தையில்லாமல் பெரியவர்கள் உள்ளே போகக்கூடாது. குழந்தைகளே வராமல் போனால் நிலம் நகராட்சிக்கு.

நகராட்சிக்கு இப்போது கார் நிறுத்த இடம் வேண்டுமாம்.

அவர் சிரித்தார். "உள்ள ஒண்ணு எனக்காகக் காத்துட்டிருக்குன்னு வச்சுக்கயேன்."

கோப்பு திறந்திருந்தது. 'வரும் குழந்தைகள்: எவருமில்லை.' பார்க்கும் முன்பே எழுதி, கையெழுத்தும் போட்டாயிற்று. ஏழு வருடங்களுக்கு முன்பும் இப்படித்தான், நாற்காலியை விட்டு எழாமலே, 'ஊஞ்சல் உறுதியாக உள்ளது' என்று எழுதினார்.

மறுவாரம் ஊஞ்சலின் கொக்கி முறிந்தது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது.

இந்த வேலையை நான் கேட்டு வாங்கினேன். ஆனால் குழந்தையில்லாதவள் அல்லவா, இன்றுவரை ஓர் அடி உள்ளே வைத்ததில்லை. சட்டமெல்லாம் என்னைப் போன்றவர்களுக்குத்தான்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

காற்றில்லை. ஓர் இலை அசையவில்லை. எங்கிருந்தோ துருவின் வாடை.

கிரீச்.

அந்த ஊஞ்சலைக் கழற்றி ஏழு வருடமாகிறது.

கிரீச்... கிரீச்...

நின்றது.

அவர் திரும்பி வந்தபோது ஒரு தோள் சாய்ந்திருந்தது. அந்தக் கை கீழ்நோக்கி நீண்டிருக்க, ஆள்காட்டி விரல் மட்டும் ரத்தம் நின்று வெளுத்திருந்தது. கோப்பில் 'எவருமில்லை' அடிக்கப்பட்டு, அதன் மேல் 'ஒன்று'.

"அம்மா வாசல்ல இருக்காங்கன்னு சொல்றா," என்று முணுமுணுத்தார். "விரலை விடச் சொல்லுங்கம்மா."

இப்போது மரியாதை வந்துவிட்டது.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி எழுதினதையும் மாத்தி எழுதிட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்."

ஜீப்பை மறந்து நடந்தார், சின்னச் சின்ன அடிகளாக. தெருமுனையில் கை பின்னுக்கு இழுபட, நின்றார். வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். மறுபடியும் வலப்பக்கம்.

தெருவைக் கடக்க அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அது.