மிது பொய் சொல்லவில்லை

“எங்கம்மாவோட தங்க வங்கி யார்கிட்ட இருக்குதுன்னு எனக்குத் தெரியுங்க மேடம். அவுங்க திருடலைன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லோணும்.”

பங்கஜம் கையிலிருந்த டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தாள். காணாமல் போன பொருளைத் தேடித் தரச் சொல்லி வருவார்கள். எடுத்தவரைப் பிடித்துத் தரச் சொல்லி வருவார்கள். பொருளைக் கையில் வைத்திருக்கும் ஒருவரை நல்லவர் என்று நிரூபிக்கச் சொல்லி, குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு யாரும் இதுவரை வந்ததில்லை.

“உக்காருங்க. பேரு?”

“சுவாதிங்க. வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம்.” நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள் அவள். “நடக்குமான்னுதான் தெரியல.”

உதவியாளன் சந்துரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி வந்தான். முப்பது வயதாகியும் வழக்கு என்றால் அவனுக்குத் திருவிழா.

சுவாதி சொன்னது இதுதான். அவள் அப்பா சுப்பண்ணன் கோயமுத்தூர்க்காரர், குன்னூரில் டீத்தூள் மொத்த வியாபாரம். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மாப்பிள்ளை ஜெகதீசன் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை. காதல் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா ராஜகுமாரி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கோத்தகிரியில் வீடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு இங்கே வந்தவர்.

“ஞாயித்துக்கிழமை அத்தை முகூர்த்தப் புடவையக் கொண்டுக்கிட்டு எங்க ஊட்டுக்கு வந்திருந்தாங்க. ஆசாரி வர்றதா இருந்துது, எங்கம்மாவோட வங்கிய பீரோ லாக்கர்ல இருந்து எடுத்து டேபிள் மேல வெச்சிருந்தோம். கைமேல போடற தங்க வங்கிங்க. திருகு லூசாயிருந்துது.”

“யார் யார் இருந்தீங்க?”

“நான் ரூமுக்குள்ள புடவை கட்டிப் பாத்துட்டிருந்தேன். அண்ணி ராஜப்ரியா காப்பி போடப் போயிட்டாங்க. அப்பா வெளிய. அத்தையும் அண்ணி பொண்ணு மிதுவும் மட்டுந்தான் ஹால்ல. மிதுவுக்கு இன்னும் மூணு வயசு முடியல. அத்தை கெளம்பிப் போனதுக்கப்புறம் பாத்தா வங்கி இல்ல.”

“குழந்தைகிட்ட கேட்டீங்களா?”

சுவாதியின் குரல் இறங்கியது. “போன்ல வங்கியோட போட்டோவக் காட்டிக் கேட்டோமுங்க. ‘அம்மிச்சி பைக்குள்ள போடச் சொன்னாங்க, மிது போட்டேன்’னு சொல்லுது. அத்தையத்தான் அம்மிச்சிங்குது. எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். அப்பா இன்னைக்குச் சாயங்காலம் அத்தைக்குப் போன் பண்ணிக் கேக்கப் போறாரு. அவரு வாயைத் தொறந்தார்னா எல்லாம் முடிஞ்சு போச்சுங்க.”

“குழந்தை பொய் சொல்லுதோ?” என்றான் சந்துரு.

“மிதுவுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. அத்தையும் அப்படிப்பட்டவங்க இல்ல. ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்னுதான் புரியல.”

“அன்னைக்கு மேசைமேல வேற என்னென்ன இருந்துது?” பங்கஜம் கேட்டாள்.

“மிதுவோட பந்து, அண்ணியோட போன், ஒரு தட்டுல மிக்சரு. அத்தை கொண்டு வந்த பெரிய புடவைப் பொட்டி. அப்புறம் நாங்க சீரா குடுக்கற சாமானம். தேங்கா, மஞ்சள், பாக்கு, ஒரு பாட்டில் மலைத்தேன். பக்கத்துலயே மஞ்சப்பை. அத்தையே எடுத்து வெச்சுக்கறேன்னு சொல்லிட்டாங்க. ஆனா தேனை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க. பொட்டிக்குப் பின்னால இருந்துது. ‘நாம குடுத்தது வேண்டாமாமா?’ன்னு அப்பாவுக்கு அதுல வேற கோவம்.”

“குழந்தை உங்க அத்தையோட நல்லாப் பழகுதா?”

“முதல் தடவையா பாக்குது. ஆனா ஒட்டிக்கிச்சுங்க. அத்தை பேசறதுல நடுநடுவுல சிலோன் வார்த்தை வரும். சமையல்ரூமைக் குசினின்னுவாங்க. மிது வாயைப் பொளந்துக்கிட்டு கேக்கும்.”

பங்கஜம் எழுந்து ஸ்வெட்டரை மாட்டினாள். “சந்துரு, ஜீப்பை எடு.”

அப்பர் குன்னூர் ஏற்றத்தில் ஜீப் திணறியபோது சந்துருவின் மூளை வேகமாக ஓடியது. “மேடம், அண்ணி மேல ஒரு கண்ணு வைக்கலாம். மாமியாரோட நகை நாத்தனாருக்குப் போகுது. குழந்தைக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க.”

“மூணு வயசு ஆகாத குழந்தைக்குப் பாடம் சொல்லிக் குடுத்தா, ரெண்டாவது தடவை கேக்கறப்போ மாறிப் போயிரும். இது மாறவே இல்லையே.”

“அப்ப மாப்பிள்ளையோட அம்மாதான். தெரியாம பைக்குள்ள போயிருந்தா வீட்டுக்குப் போய் பையைத் தொறந்ததும் பாத்திருப்பாங்க. போன் பண்ணிச் சொல்லியிருப்பாங்க. ஏன் சொல்லல?”

“அது நல்ல கேள்வி. அதை வெச்சுக்க” என்றாள் பங்கஜம்.

சுப்பண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். கனத்த உருவம், காதுவரை மப்ளர். மகள் ஆள் கூட்டிக்கொண்டு வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“இதுக்கு என்னுங்க துப்பறியறது? நானே கண்ணால பாத்தேன். தோட்டத்துல நின்னுட்டிருந்தேன். அந்தம்மா ஜன்னலோரமா நின்னு போன் பேசிட்டிருந்தாங்க. ஹாலுக்குள்ள ஜன்னல்கிட்டத்தான் சிக்னல் கெடைக்கும். பேசிக்கிட்டே திரும்பி, மேசையப் பாத்துக் கையக் காட்டி பாப்பாகிட்ட என்னமோ சொன்னாங்க.”

“என்ன சொன்னாங்கன்னு கேட்டுச்சா?”

“கண்ணாடி சாத்தியிருந்துது.”

“சொல்லிட்டுக் குழந்தையவே பாத்துட்டிருந்தாங்களா?”

சுப்பண்ணன் யோசித்தார். “இல்லீங்க. மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிப் போன்ல பேசுனாங்க.”

“அப்புறம்?”

ராஜப்ரியா பதில் சொன்னாள். “நான் காப்பியோட வந்தேன். அதே நேரத்துல சுவாதியும் புடவையக் கட்டிக்கிட்டு வெளிய வந்தா. அந்தம்மா இவளையே பாத்துக்கிட்டு, பையைப் பாக்காமயே வாயைக் கட்டி முடிச்சுப் போட்டாங்க. மாமாதான், ‘பாத்தியா, அவசர அவசரமாக் கட்டுனாங்க’ன்னு அப்புறமா சொன்னாரு.”

“ஆமா, சொன்னேன். பொய்யா?”

“பொய்யில்லீங்க மாமா. புடவை கட்டிட்டு வந்த மருமகளைப் பாக்காம தேங்காயையா பாப்பாங்கன்னு நான் அப்பவே கேட்டேன்.”

சந்துரு தன் சந்தேகப் பட்டியலிலிருந்து அண்ணியின் பெயரை மனசுக்குள் அடித்துவிட்டான்.

மிது கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. பங்கஜம் அதனிடம் எதுவும் கேட்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பந்து, கரண்டி, தட்டு, ராஜப்ரியாவின் போன், விட்டுப் போன தேன் பாட்டில் எல்லாவற்றையும் பரப்பினாள். பிறகு சந்துருவை ஜீப்புக்கு அனுப்பி, டூல் பையை வரவழைத்து, அதிலிருந்து ஒரு ஸ்பார்க் பிளக்கை எடுத்து நடுவில் வைத்தாள்.

“மிதுக்கண்ணு, பந்து குடு.”

பந்து வந்தது. கரண்டி கேட்டாள், கரண்டி வந்தது. பாட்டில் கேட்டாள், தேன் பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தது.

“இப்ப கிமோ குடு.”

சந்துரு விழித்தான். கிமோ என்று உலகத்தில் எதுவும் இல்லை. மிது ஒரு நொடி எல்லாவற்றையும் பார்த்தது. பிறகு தயங்காமல் ஸ்பார்க் பிளக்கை எடுத்து நீட்டியது.

பங்கஜம் அதை ஒளித்துவிட்டு, டயரில் காற்று பார்க்கும் கருவியை வைத்தாள். “லுப்பி எங்க?” மிது அந்தக் கருவியைத் தொட்டுக் காட்டியது.

“மேடம், நீங்க கண்ணால ஜாடை காட்டுறீங்களா?”

“நீ கேட்டுப் பாரு. கண்ண மூடிக்கிட்டுக் கேளு.”

சந்துரு கண்களை இறுக மூடிக்கொண்டு, “எனக்கு ஒரு ஜம்பக்கா வேணும்” என்றான். அவன் உள்ளங்கையில் சில்லென்று இரும்பு பட்டது. கண்ணைத் திறந்தான். பரப்பியதில் பங்கஜம் புதிதாக வைத்திருந்த தாழ்ப்பாள் கொக்கி.

“பாப்பா பொய்யும் சொல்லல, தப்பும் செய்யல” என்று பங்கஜம் எழுந்தாள். “சுப்பண்ணன் ஐயா, போன்ல கேக்க இருந்ததை நேர்லயே வந்து கேளுங்க. ஆனா நான் பேசி முடிச்சதுக்கப்புறம். தேன் பாட்டிலை எடுத்துக்கங்க. பாப்பாவும் வரட்டும்.”

கோத்தகிரியில் ராஜகுமாரியின் வீட்டு முன்னறை சின்னது, பளிச்சென்று இருந்தது. சம்பந்தி வீட்டார் இத்தனை பேர் திடீரென்று வந்து இறங்கியதில் அவர் திகைத்தாலும், சிரித்துக்கொண்டே பாயை விரித்தார்.

“சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்களே! இருங்க, குசினியில அடுப்புல பால் இருக்கு, இறக்கி வெச்சிட்டு வாறேன்.”

அவர் திரும்பி வந்ததும் பங்கஜம் தேன் பாட்டிலை நீட்டினாள். “நான் சுவாதிக்குத் தெரிஞ்சவ. இதை விட்டுட்டு வந்துட்டீங்களாம். குடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்.”

ராஜகுமாரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எப்படி அங்க இருக்கும்? தேன் போத்தல் பைக்குள்ளதானே இருக்கு. மகன் போன்ல கூப்பிட்டான். பேசிக்கிட்டிருக்கேன். தேங்கா, மஞ்சள், பாக்கு எல்லாம் நான் போட்டாச்சு. ‘அந்தப் போத்தலையும் எடுத்துப் பைக்குள்ள போடு செல்லம்’னு பிள்ளைகிட்டச் சொன்னேன். என்னமோ போட்டுச்சே, சத்தம் கேட்டிச்சே!”

சுவாதி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அந்தப் பை இப்ப எங்கம்மா?”

“சாமி ரூம்ல. பொண்ணு வீட்டுல இருந்து கட்டிக்கிட்டு வந்த பையை எங்க வீட்டு வழக்கத்துல உடனே பிரிக்க மாட்டோம். முகூர்த்தத்தன்னைக்குக் காலையில, சொந்தக்காரங்க எல்லார் முன்னாலயும்தான் முடிச்சை அவிழ்ப்போம்.”

சந்துருவின் நல்ல கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பதிலுக்குப் பின்னால் இருந்த பயங்கரமும் அவனுக்கு உடனே புரிந்தது. வெள்ளிக்கிழமை காலை, மண்டபம் நிறைந்த உறவினர் நடுவில், பெண் வீட்டார் நாள்கணக்கில் தேடும் நகை இந்த அம்மாவின் பையிலிருந்து விழுந்திருக்கும்.

“இன்னைக்கு ஒரு தடவை பிரிக்கணும்மா” என்றாள் பங்கஜம். “ஏன்னு சொல்றேன். இந்த வயசுக் குழந்தைங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பொருளுக்கு ஒரு பேருதான். பந்துன்னா பந்து, அதுக்கு இன்னொரு பேரு இருக்கும்னு அதுங்களுக்குத் தோணாது. அதனால புதுசா ஒரு வார்த்தை காதுல விழுந்தா, ஏற்கெனவே பேரு தெரிஞ்சதையெல்லாம் ஒதுக்கிட்டு, பேரு தெரியாத பொருள் எதுன்னு தேடும். மிதுகிட்ட நான் இல்லாத வார்த்தையாச் சொல்லிக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அது பாத்திராத பொருளத்தான் எடுத்துக் குடுத்துச்சு.”

“அதுக்கும் பைக்கும் என்னுங்க சம்பந்தம்?” சுப்பண்ணனின் குரலில் பழைய வேகம் இல்லை.

“உங்க ஊட்டுல தேன் இருக்கறதுக்கு என்ன பேரு? பாட்டில். மிதுவுக்கு அது நல்லாத் தெரியும். இவங்க கேட்டது போத்தல். இவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு. மிதுவுக்கு எப்படி ஒண்ணாகும்? பாட்டில் வேணும்னா பாட்டில்னுதானே கேட்டிருப்பாங்க? போத்தல்னா அது வேற என்னமோ. மேசையில பந்து, போன், தட்டு, பொட்டி எல்லாத்துக்கும் அதுக்குப் பேரு தெரியும். பேரு தெரியாம ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது. அன்னைக்குத்தான் லாக்கர்ல இருந்து முதல் தடவையா வெளிய வந்தது.”

ராஜகுமாரி உள்ளே போனார். மஞ்சள் பையைக் கொண்டு வந்து பாயில் வைத்து, நூல் முடிச்சை அவிழ்த்தார். தேங்காய் வந்தது. மஞ்சள் வந்தது. பாக்குப் பொட்டலத்துக்கு அடியில் கைவிட்டு எடுத்தபோது, அவர் விரல்களில் சிவப்புக்கல் வங்கி மினுங்கியது.

“போத்தல்!” என்று மிது சந்தோஷமாகக் கத்தியது.

ராஜப்ரியாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சுவாதிக்கு அழுகை. ராஜகுமாரி மட்டும் இரண்டும் செய்யவில்லை. வங்கியை உள்ளங்கையில் வைத்தபடி சுப்பண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமையில இருந்து தேடுறீங்களா?”

“ஆமாங்க.”

“நான் எடுத்திட்டேன்னு நினைச்சீங்களா?”

இல்லையில்லை என்று சொல்லிவிடச் சொல்லி சுவாதி அப்பாவைக் கண்ணாலேயே கெஞ்சினாள். சுப்பண்ணன் மப்ளரை உருவி மடியில் வைத்துக்கொண்டார்.

“நெனச்சேனுங்க. பாப்பா சொன்னதை அப்படியே நம்பிட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சாயங்காலம் போன் பண்ணி அசிங்கமாக் கேக்கலாம்னு இருந்தேன்.”

ராஜகுமாரி பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தவ நான். முகத்தைப் பார்த்தா வலி எங்கன்னு தெரியும். அன்னைக்குக் காப்பி குடிக்கையிலேயே உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு எனக்குத் தெரியும். இப்ப நீங்க ‘இல்லீங்க, நினைக்கவே இல்ல’ன்னு சொல்லியிருந்தீங்கன்னா, இந்தப் பையை அப்படியே உங்க கையில குடுத்து அனுப்பியிருப்பேன். பொய் சொல்ற வீட்டுல சம்பந்தம் வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?”

அவர் சுவாதியை அருகில் அழைத்து, ஸ்வெட்டர் கையை மேலே தள்ளி, வங்கியைப் போட்டுவிட்டார். லூசான திருகை விரலால் அழுத்திப் பார்த்தார். “ஆசாரிகிட்ட இதைக் குடுக்க மறந்திடாதீங்க” என்றார். பிறகு தேன் பாட்டிலைப் பைக்குள் வைத்து, தேங்காயையும் மஞ்சளையும் பாக்கையும் மேலே அடுக்கி, நூலைச் சுப்பண்ணன் பக்கம் நீட்டினார்.

“இந்தத் தடவை முடிச்சை நீங்களே போடுங்க சம்பந்தி. இறுக்கிப் போடுங்க. வெள்ளிக்கிழமை நான்தான் அவிழ்க்கணும்.”