கூடைக்குள் ஒரு மூக்கு

மூன்றாவது வியாழக்கிழமையும் இல்வா துணி துவைக்கவில்லை.

படிக்கட்டின் திருப்பத்தில் உட்கார்ந்திருந்த தூவா, அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

'4.00. இல்வா கூடையுடன் சலவை அறைக்குள் போனார். உடனே வெளியே வந்தார். துவைக்கும் இயந்திரம் ஓடவில்லை. ஐந்தாம் மாடிக்கு ஓடினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.'

கோதன்பர்க் நகரில் இருந்த அந்தக் கட்டிடத்தில் இருபது வீடுகள். எல்லோருக்கும் சேர்த்து நிலவறையில் ஒரே சலவை அறை, ஒரே சாவி. பலகையில் பெயர் எழுதி நேரம் பிடித்தவர், ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவர் நேரத்தில் அந்த அறைக்குள் யாரும் கால் வைத்ததே இல்லை.

"துவைக்காதவங்களுக்குச் சாவி எதுக்கு?" என்று கேட்டார் ஸ்டீக். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர்; இப்போது குடியிருப்போர் சங்கத் தலைவர். "யார் வீட்ல இருக்காங்க, யார் இல்லைன்னு நோட்டம் பாக்குது அந்தம்மா."

"திருடியா இருக்குமோ?"

"நான் சொல்லலப்பா. உன் நோட்டு சொல்லட்டும். சனிக்கிழமை கூட்டத்துக்கு அதைக் கொண்டா. அந்தம்மா இங்க தற்காலிகமா வாடகைக்குத் தங்க நம்ம சங்கம் கொடுத்த அனுமதி இந்த மாசத்தோட முடியுது. நீட்டிக்கப் போறதில்ல."

தூவாவுக்குப் பத்து வயது. ஸ்டீக் அவளைப் பெரிய ஆளாக நடத்தியது பெருமையாக இருந்தது.

அன்றே இல்வா மறுபடி கீழே இறங்கினார். கூடையின் மேல் மூடியிருந்த துண்டு கொஞ்சம் விலகியது. அதற்கடியில் ஒரு மூக்கு தெரிந்தது.

மனித மூக்கு!

தூவாவின் கையிலிருந்த பேனா நழுவிப் படிகளில் உருண்டது. அவள் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கட்டிலுக்கடியில் படுத்து யோசித்தாள். ஒன்று மட்டும் பொருந்தவில்லை. திருட வருகிறவர் பலகையில் தன் பெயரை எழுதிவிட்டா வருவார்?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நேராகப் பலகையைப் பார்க்கப் போனாள். 'இல்வா, ஐந்தாம் மாடி' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. பக்கத்தில் வழக்கமான கோபச் சீட்டுகள். 'என் ஒற்றைக் காலுறையை எடுத்தவர் திருப்பிக் கொடுக்கவும்.' 'மூன்று மணி என்றால் மூன்று மணி!' எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டீக்கின் பெரிய எழுத்து: 'உலர்த்தும் இயந்திரத்தில் பஞ்சுத் தூசியைத் துடைக்காதவர் யார் என்று எனக்குத் தெரியும்!'

அதன் அடியில் ஏதோ வெள்ளைத் தாள் எட்டிப் பார்த்தது. தூவா சீட்டுகளைத் தூக்கிப் படித்தாள்.

'அண்டை வீட்டாருக்கு வணக்கம். நான் அவசர சிகிச்சை மருத்துவர். திடீரென இதயம் நின்றுவிட்டவர்களை இன்னும் வேகமாகக் காப்பாற்றுவது எப்படி என்று ஆராய்கிறேன். அதற்காக உங்கள் படிகளில் ஓடுவேன். தொந்தரவாக இருந்தால் என் கதவைத் தட்டுங்கள். இல்வா.'

தேதியைப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கு முந்தையது.

தூவா ஐந்தாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"அடடா, உளவாளி வந்தாச்சா?" கதவைத் திறந்த இல்வா, தூவாவின் பேனாவை நீட்டினார். "நேத்து என் காலடியில வந்து நின்னுச்சு."

தூவாவுக்கு முகம் சிவந்தது. உள்ளே சோபாவில் அந்த மூக்கு! தலையும் மார்பும் மட்டும் உள்ள ஒரு ரப்பர் பொம்மை, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இவர் பேரு குன்னர். அஞ்சாவது மாடியில இவருக்கு இதயம் நின்னுபோச்சுன்னு வெச்சுக்க. ஒருத்தர் இவர் நெஞ்சை விடாம அழுத்தணும். இன்னொருத்தர் ஓடிப்போய் அந்தப் பச்சைப் பெட்டியைக் கொண்டு வரணும். அது இதயத்துக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்."

"சலவை அறைச் சுவத்துல தொங்குதே, அதுவா?"

"அதேதான். பெட்டியைச் சும்மா கழட்டக் கூடாது; அதுக்குப் பதிலாதான் கூடையில குன்னரைத் தூக்கிட்டு ஓடுறேன். போய்ட்டு வர ரெண்டு நிமிஷம் பத்து வினாடி ஆகுது. பரவாயில்ல."

தூவா நெற்றியைச் சுருக்கினாள். "சாவி உங்ககிட்ட இருந்துச்சா?"

"ஆமா. என் நேரம்தானே? அடுத்தவங்க நேரத்துல எப்படி உள்ள போறது?"

"இதயம் பலகையைப் பாத்துட்டா நிக்கும்?"

இல்வா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மூணு வாரமா ஓடுறேன். எனக்கு இது தோணவே இல்லயே!"

சனிக்கிழமைக் கூட்டத்தில் காபியும் பட்டை வாசனை பன்னும் இருந்தன. எல்லோரும் இல்வாவை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். "தூவா, நோட்டைப் படி," என்றார் ஸ்டீக்.

தூவா இல்வாவின் கூடையிலிருந்து குன்னரை எடுத்துத் தரையில் கிடத்தினாள். யாரோ வீறிட்டார்கள்.

"ஸ்டீக், இவருக்கு இதயம் நின்னுபோச்சு. சலவை அறையில இருக்குற பச்சைப் பெட்டியை எடுத்துட்டு வாங்க. ஓடுங்க!"

"என்ன விளையாட்டு இது?" என்று சிரித்துக்கொண்டே ஸ்டீக் போனார். இல்வா மண்டியிட்டுக் குன்னரின் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். தூவா கடிகாரத்தைப் பிடித்தாள்.

"ஆணியில சாவி இல்ல!" கீழிருந்து ஸ்டீக்கின் குரல். "யார் நேரம் இது? குனில்லா! குனில்லா எங்க?"

"இயந்திரத்தைப் போட்டுட்டுப் பால் வாங்கப் போயிருக்கா," என்றார் ஒருவர்.

ஸ்டீக் தெருவில் ஓடுவது சன்னலில் தெரிந்தது. தொப்பி பறந்தது. அவர் அதை எடுக்கவில்லை. இல்வாவின் நெற்றியில் வியர்வை. இரண்டாம் மாடிக்காரர் பன்னைக் கீழே வைத்துவிட்டு அழுத்துவதற்கு உட்கார்ந்தார். பிறகு தூவாவின் அம்மா. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஸ்டீக் பெட்டியுடன் வந்து சேர்ந்தார். முகம் பீட்ரூட் போல இருந்தது.

"எட்டு நிமிஷம் நாப்பது வினாடி," என்றாள் தூவா.

"குன்னர்... எப்படி இருக்கார்?"

இல்வா மெதுவாகத் தலையசைத்தார். "ரொம்பக் கஷ்டம், ஸ்டீக்."

ஸ்டீக் நாற்காலியில் உட்கார்ந்து பொம்மையையே பார்த்தார். தூவா இல்வாவின் கடிதத்தை அவரிடம் நீட்டினாள். "உங்க தூசிச் சீட்டுக்கு அடியில இருந்துச்சு."

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"இல்வா, நீங்க இன்னும் எத்தனை மாசம் ஓடணும்?"

"ஆறு மாசம்."

"அனுமதி ஆறு மாசம். மறுப்பு இருக்கா? இல்ல. ஒரு திருப்புளி கொடுங்க யாராவது."

அன்று மாலைக்குள் பச்சைப் பெட்டி வாசற்கதவின் அருகே, பூட்டில்லாமல், சுவரில் ஏறியது. அதன் கீழே பெரிய எழுத்தில் ஒரு சீட்டு: 'இதன் முன்னால் சைக்கிள் நிறுத்துகிறவர் யார் என்று எனக்குத் தெரியும்!'

அடுத்த வியாழக்கிழமை தூவா தன் நோட்டில் எழுதினாள்:

'4.00. இல்வா கூடையுடன் சலவை அறைக்குள் போனார். 4.05. இயந்திரம் ஓடுகிறது. குன்னரின் சட்டையும் உள்ளே சுற்றுகிறது.'