ஒன்பதாவது நிறுத்தம்

மழைக்கு ஒதுங்க அந்தப் பேருந்து நிறுத்தத்தை விட்டால் அவளுக்கு வேறு இடம் இல்லை. அழுவதற்கும்தான்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'எக்ஸ்ரே அக்கா' என்று பெயர். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க… அசையாதீங்க… ம், விடலாம்" என்று ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்லும் வேலை. அன்றைய அறுபது பேரில் ஒருவர் அவளுடைய அப்பா. ஒரு மாதமாக இருமல் நிற்கவில்லையே என்று அவளேதான் பிடிவாதமாக இழுத்து வந்து நிற்க வைத்தாள். திரையில் படம் வந்தது. வலது நுரையீரலின் மேல்பக்கம்… இருக்கக் கூடாத ஒரு வெள்ளை. அவள் டாக்டர் இல்லை. ஆனால் பதினோரு வருஷமாகப் பார்த்துப் பழகிய கண்.

"என்னம்மா, ஏதாவது இருக்கா?" என்றார் அப்பா, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"அதை டாக்டர்தான்ப்பா சொல்லணும். எனக்கென்ன தெரியும்?" என்று சிரித்தாள்.

அப்பா அவள் முகத்தையே பார்த்தார். சிரிப்பைக் கண்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. அம்மா போன பிறகு வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டே பேர். இனி இவருடைய தைரியமெல்லாம் தன் முகத்தில்தான் என்று அவளுக்கு அப்போதே புரிந்தது. அவரை ஒரு வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினாள். வேலை முடிந்ததும் படத்தின் உறையை நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்து இங்கே நின்றாள். நாலு நிமிஷம் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவனைப் பார்த்தாள்.

சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு முக்காலி. அதன்மேல் பிளாஸ்டிக் போர்த்திய கேமரா. அதற்குக் குடையைப் பிடித்துவிட்டுத் தான் தொப்பலாக நனைந்துகொண்டிருந்த ஒருவன்… அவளுக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று சாலையைக் கடந்தாள்.

"ஹலோ! என்னை எடுத்துக்கிட்டா இருந்தீங்க?"

"மழையை."

"மழைக்கு நடுவுல நான் இருந்தேனே!"

"அதுக்கு மழைதான் பொறுப்பு."

நல்ல கண்கள்தான். இமையெல்லாம் தண்ணீர்… தூங்கி எழுந்த குழந்தை மாதிரி ஒரு திருதிரு முழி. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"அதை அழிச்சிடுங்க."

"இது ஃபிலிம் சுருள் மேடம். அழிக்க முடியாது."

"அப்போ வெட்டிடுங்க."

"நான் வெட்டுறதில்ல." மது தொடாதவர்கள் 'நான் குடிக்கிறதில்ல' என்பார்களே, அந்தத் தோரணை. "பத்தொன்பது வருஷம், ஏழு படம். ஒரு இடத்துலகூட வெட்டினது கிடையாது. கேமராவை வெச்சா, சுருள் தீர்ற வரைக்கும் பதினோரு நிமிஷம் அது நகர்ந்ததும்…"

ஏனோ அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. கோபத்தில் அவளும் அதைக் கவனிக்கவில்லை. பேருந்து வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து அவனே எக்ஸ்ரே அறைக்குள் வந்து நின்றான், வீங்கிய மணிக்கட்டோடு. முக்காலியைத் தூக்கிக்கொண்டு வழுக்கி விழுந்தானாம். சீட்டைப் பார்த்தாள். 'தொழில்: ஆவணப்படம், கவிதை.' பெயரைப் படித்ததும் திக்கென்றது… வீட்டு அலமாரியில் அதே பெயரில் மூன்று ஒல்லிப் புத்தகங்கள். அப்பா அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஊரில் உள்ள எழுத்தாளர்களையெல்லாம் குறை சொல்லுவார், இவனைத் தவிர. 'கம்பம்' என்றுதான் செல்லமாகச் சொல்வார். படவுலகில் அவனுக்கு அதுதான் பட்டப்பெயராம், கேமராவை நட்டால் நட்டதுதான் என்பதால்.

"ரெண்டுல எதுங்க தொழில்?"

"கவிதைக்காரங்களைக் கேட்டா நான் படக்காரன். படக்காரங்களைக் கேட்டா கவிஞன். ரெண்டு பேருமே என்னைத் தள்ளி விடுறாங்க."

"கையை நீட்டுங்க. அசையாதீங்க."

அசைத்தான். படம் கலங்கிப் போனது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் அசைத்தான்.

"என்ன சார், பத்தொன்பது வருஷமா நகராத ஆளுன்னு கேள்விப்பட்டேன்?"

"அது கேமரா. நான் மனுஷன். நீங்க கையைப் பிடிச்சா எப்படி அசையாம இருக்கிறது?"

அவளுக்குக் காது சூடானது. மறு பேச்சு பேசாமல் ஒரு சின்ன மணல் பையை எடுத்து அவன் முழங்கைமேல் பொத்தென்று வைத்தாள். மூன்றாவது படம் சுத்தமாக வந்தது. எலும்பு முறியவில்லை.

அவன் கிளம்பும்போது கேட்டே விட்டாள். "அந்த மழை… எனக்காக அந்த நாலு நிமிஷத்தை நீக்கிடக் கூடாதா?"

"ஏன்னு சொல்லுங்க."

"ஏன்னு சொன்னாத்தான் செய்வீங்கன்னா, அது உதவி இல்ல சார். விசாரணை."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மூடிக்கொண்டான். "படத்தைப் பார்க்க வாங்க," என்று மட்டும் சொன்னான். 'நான் வந்துட்டாலும்!' என்று மனசுக்குள் பொரிந்தாள். திமிர் பிடித்தவன்… ஆனாலும் அன்று மதியம் மூன்று பேரின் சீட்டை மாற்றி வைத்துத் திட்டு வாங்கினாள்.

வீட்டில் அப்பாவுக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டது. முடியெல்லாம் கொட்டிக் கம்பளிக் குல்லாய் ஏறியது. ஆனால் அவர் தெம்பாகவே இருந்தார். சித்தப்பாவிடம் போனில் சொல்வதைக் கேட்டாள். "அவளுக்குத் தெரியாததா? முதல் படத்தைப் பார்த்தப்பவே சிரிச்சாடா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. பயப்பட ஒண்ணும் இல்லைன்னு நான் அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்." 

அவள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அழவில்லை, பாத்திரம் கழுவினாள்.

அடுத்த வாரம் அப்பா ஓர் அழைப்பிதழை நீட்டினார். அடுத்த தெரு நூலக அரங்கில் ஞாயிறு மூன்று மணிக்குக் கம்பத்தின் புதுப் படம். பன்னிரண்டு பேருந்து நிறுத்தங்கள், பன்னிரண்டு சுருள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கவிதை. "நீயும் வர்றே."

"மழை வரும்ப்பா… சளி பிடிச்சுக்கும்."

"குல்லாய் எதுக்கு இருக்கு?"

அவள் தலைவலி என்றாள், இடம் கிடைக்காது என்றாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஞாயிறு மதியம் மூன்றாவது வரிசையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரையில் தன் கையிலிருக்கும் எக்ஸ்ரே உறையை அப்பா பார்த்தால் போதும், அது எந்த நாள் என்று தெரிந்துவிடும். சிரித்த பிறகு மகள் என்ன செய்தாள் என்பதும் தெரிந்துவிடும்… அப்புறம் அந்தத் தெம்புக்கு எங்கே போவது?

எட்டு நிறுத்தங்கள் வந்து போயின. கேமரா அசையவே இல்லை. காத்திருக்கும் கால்கள், பைகள், கொட்டாவிகள்… ஒன்பதாவது தொடங்கியதும் அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே கூரை, அதே மழை. தூரத்தில் வெள்ளைக் கோட்டில் ஒரு பெண் வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, கூரைக்கடியில் ஒதுங்கினாள். திரும்பப் போகிறாள்… முகம் தெரியப் போகிறது…

கேமரா நகர்ந்தது.

மெதுவாக, மிக மெதுவாக, அந்தப் பெண்ணை விட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பி, ஒரு காலிச் சுவரில் போய் நின்றது. சுவரில் மழை வழிந்தது. மீதி ஏழு நிமிஷமும் அந்தச் சுவர்தான். முடிவில் கவிதையும் இல்லை. வெறும் கறுப்புத் திரை. அரங்கில் சலசலப்பு எழுந்தது.

படம் முடிந்து அவன் மேடை ஏறியதும் ஒரு பேராசிரியர் எழுந்துவிட்டார். "பத்தொன்பது ஆண்டுகளாக நகராத உங்கள் கேமரா இன்று நகர்ந்திருக்கிறது. உலகத்தைக் காட்டுவதையே கலை மறுக்கிற தருணம் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். சரிதானே?"

தலையாட்டினால் போதும். நாளைக்குப் பத்திரிகையெல்லாம் அதையே எழுதும். அவன் பார்வை அரங்கில் அலைந்து மூன்றாவது வரிசையில் நின்றது. அவளைப் பார்த்தான். பக்கத்தில் குல்லாய் போட்ட பெரியவரைப் பார்த்தான். அவரைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தான். உண்மையைச் சொல்லிவிடாதே என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"இல்லீங்க," என்றான். "அது தப்பு. என் கை பட்டுடுச்சு. கலையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

யாரோ சிரித்தார்கள். "கம்பமே ஆடிப்போச்சு!" என்றது ஒரு குரல். பேராசிரியர் ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷப் பெயரை ஒரு வரியில் தூக்கிப் போட்டுவிட்டு அவன் தண்ணீர் குடித்தான்.

வெளியே தாழ்வாரத்தில் அப்பா குல்லாயைச் சரிசெய்துகொண்டார். "நாப்பது வருஷம் பிழை பார்த்தவன் நான். கை பட்டா வெடுக்குன்னு திரும்பும். இது யாரையோ எழுப்பிடக் கூடாதேன்னு கதவைச் சாத்துற மாதிரி திரும்புச்சு." அவர் மகளைப் பார்க்கவில்லை. "நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். நிதானமா வா."

அவன் தூணோரம் நின்றிருந்தான். அவளே போனாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே… என் முகத்தை எடுக்கலைன்னு."

"சொன்னா, கேமரா நகர்ந்துச்சுன்னு ஒத்துக்கணும். ஏன் நகர்த்தினேன்னு கேப்பீங்க. எனக்கே அப்போ பதில் தெரியாது."

"இப்போ?"

"தெரியும்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அதைத்தான் அந்தச் சுருளுக்குக் கவிதையா எழுதப் பார்த்தேன். நாப்பது தடவை எழுதினேன். ஒண்ணும் தேறல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு… அவ்வளவுதாங்க வருது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எக்ஸ்ரே, உறை, அப்பாவின் கேள்வி, தன் சிரிப்பு… எல்லாவற்றையும் அவனிடம் கொட்டித் தீர்த்தாள். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

"செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு மறுபடி படம் எடுக்கணும்," என்றாள். "கட்டி குறைஞ்சிருக்கா இல்லையான்னு அதுல தெரிஞ்சிடும். நான்தான் எடுக்கணும். எடுத்துட்டு வெளியே வந்தா, வராந்தா பெஞ்சில எனக்குன்னு யாரும் இருக்க மாட்டாங்க…" அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க வந்து உட்காருறீங்களா?"

"எத்தனை மணிக்கு?" என்றான்.